கழிவுநீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர்களுக்கு ஒரு தேசியச் சங்கம்: நம் ஆட்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையில் தோல் தொழில் நடக்கும் ஊர்களில் எல்லாம் ஈ.டி.பி., அதாவது தொழிற்சாலையின் சொந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உண்டு, பல தொழிற்சாலைகளுக்குச் சேர்த்து பொது சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அவற்றை ராப்பகலாக ஓட்டும் ஆபரேட்டர்கள், லேப் கெமிஸ்டுகள், ஃபிட்டர்கள், ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கு நாடு தழுவிய ஒரு தொழில்முறைச் சங்கம் வேண்டும் என்று எங்களில் சிலர் இரண்டு வருடமாகப் பேசி வருகிறோம். டீக்கடையிலும் ஷிப்ட் மாறும் நேரத்திலும் போனிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். 26 வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஈ.டி.பி. ஆபரேட்டருக்கெல்லாம் சங்கமா சார்? மோட்டார் போட்டு மோட்டார் நிறுத்தறவங்கதானே நாம?

இந்த நினைப்பைத்தான் முதலில் மாற்ற வேண்டும். காற்று ஊதி, பாக்டீரியாவைக் கொண்டு கழிவைத் தின்னவைக்கும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடி சிலிண்டரில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்கிறோம். பழுப்பாக இருக்கும் ஸ்லட்ஜ், அதாவது பாக்டீரியாச் சேறு, மெல்ல அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிகிறது. 300 மில்லியில் நின்றால் மனசு நிம்மதி. 800-ல் நின்றால் பாக்டீரியாவுக்கு ஏதோ ஆகாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். படிந்த ஸ்லட்ஜ் கொஞ்ச நேரத்தில் கட்டியாக மேலே எழும்பினால் அது வேறு நோய். டேங்கில் வெள்ளை நுரை பொங்கினால் ஸ்லட்ஜ் இளசு, அடர் பழுப்பு நுரை என்றால் முற்றிப் போனது. இதைப் பார்த்து எவ்வளவு ஸ்லட்ஜ் வெளியே எடுப்பது, எவ்வளவு காற்று கொடுப்பது, உள்ளே வரும் தண்ணீரைக் குறைக்கச் சொல்வதா என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக முடிவு எடுப்பவர் நீங்கள்.

இந்த ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கண்டறியப்பட்டது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அதை ஓட்டுவதற்கு அனுபவமுள்ள கண்ணும் மூக்கும் தேவைப்படுகின்றன. இது தொழில்நுட்ப வேலை. செய்பவர்களே அப்படிச் சொல்லத் தயங்கினால் வேறு யார் சொல்வார்கள்?

அப்போ யூனியன்னே சொல்லுங்களேன். சங்கம்னா இன்னா வித்தியாசம்?

யூனியன் சம்பளம், போனஸ், பணிநீக்கம் பற்றி நிர்வாகத்துடன் பேரம் பேசும். அது தேவை. யூனியனில் இருப்பவர்கள் அதில் தொடர்ந்து இருக்கட்டும். தொழில்முறைச் சங்கத்தின் வேலை வேறு: இந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்று ஒரு தரம் வகுப்பது, பயிற்சி கொடுப்பது, தேர்வு வைப்பது, நடத்தை நெறி எழுதுவது, அரசு விதி வகுக்கும்போது பிளாண்ட் ஓட்டுபவனின் அனுபவத்தை எடுத்துச் சொல்வது.

டாக்டர்களுக்கு 1928-ல் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கம் எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவே நமக்குக் கொடுத்திருக்கிறது. யாரிடமும் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இன்ஜினியர்களுக்கு ஏற்கெனவே சங்கம் இருக்கே, அதுல சேந்துட்டா போதாதா?

1920-ல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் இருக்கிறது, 1968-ல் தொடங்கிய இந்தியக் குடிநீர்ப் பணிகள் சங்கம் இருக்கிறது. இரண்டுமே மதிக்கத்தக்கவை. ஆனால் பட்டமோ டிப்ளமோவோ படித்த பொறியாளர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் இப்படிப்பட்ட அமைப்புகள் உருவாயின. நம் பிளாண்டுகளில் ஷிப்ட் ஓட்டுபவர்களில் ஐ.டி.ஐ. படித்தவர்கள், பத்தாவதோடு நின்றவர்கள், பக்கத்து ஆபரேட்டரைப் பார்த்தே தொழில் பழகியவர்கள் நிறைய. அவர்களுக்கு இடம் கொடுக்கும் வீடு இன்னும் கட்டப்படவில்லை.

இத்தனை வருஷமா இல்லாதது இப்ப ஏன் திடீர்னு?

திடீர் என்று சொல்ல முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாயிற்று. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் அந்த வழக்கு நம் மாவட்டத்துப் பாலாற்றைப் பற்றியது. அதற்குப் பிறகு சுத்திகரிப்பு இல்லாமல் தோல் பதனிட முடியாது என்றானது.

2006-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. அந்த அனுமதியோடு அடுக்குமாடிகளுக்குள் எஸ்.டி.பி., அதாவது வீட்டுச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம், வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை அங்கே கட்டாயமானதும் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., தண்ணீரை ஆவியாக்கும் எவாபரேட்டர் ஓட்டத் தெரிந்தவர்களைத் தேடி ஆள் அனுப்பினார்கள். நம் பையன்கள் எத்தனை பேர் அப்போது பஸ் ஏறினார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் உட்பட அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொன்னது. ஆஸ்பத்திரி, மருந்துக் கம்பெனி, நகராட்சி என்று எங்கும் இன்று இந்த வேலை இருக்கிறது. வேலை இவ்வளவு பரவியிருக்கிறது, வேலை செய்பவருக்கு ஒரு பொது அடையாளம் மட்டும் இல்லை.

வேலூர்ல உக்காந்துக்கிட்டு தேசியச் சங்கம்னா டெல்லிக்காரன் சிரிக்க மாட்டானா அண்ணா?

மேலே சொன்ன தீர்ப்பு எங்கிருந்து போனது என்று நினைத்துப் பாருங்கள். கான்பூர் ஜாஜ்மாவிலும் கொல்கத்தா தோல் வளாகத்திலும் ஜலந்தரிலும் நாம் பார்க்கும் அதே சுண்ணாம்புத் தண்ணீரையும் குரோமியத்தையும்தான் பார்க்கிறார்கள். குஜராத்தின் வாபியிலும் அங்கலேஷ்வரிலும் கெமிக்கல் கம்பெனிகளின் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பேச்சை எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம்.

கூட்டத்துக்கு நான் சொல்வது காட்பாடி. சென்னை, பெங்களூரு, திருப்பதி மூன்று பக்கத்துப் பாதையும் அந்த ஜங்ஷனில் சேர்கிறது. ரயிலில் வந்து இறங்கி, பேசிவிட்டு, அன்று ராத்திரியே ரயில் ஏறிவிடலாம். லீவு கிடைக்காத ஷிப்ட் ஆட்களுக்கு இதை விட என்ன வசதி வேண்டும்?

நேரா தேசியச் சங்கமா, முதல்ல நம்ம மாவட்டத்துல ஒண்ணா?

இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. எனக்கு இப்போது சந்தேகம் இல்லை: முதலில் மாநிலச் சங்கம், பிறகு அவற்றின் கூட்டமைப்பு. அமெரிக்காவில் இந்தத் துறையின் பெரிய அமைப்பு 1928-ல் அப்படித்தான் உருவானது. மாநிலவாரியாகவும் வட்டாரவாரியாகவும் இருந்த சாக்கடைப் பணிச் சங்கங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆயின. கீழே ஆள் இல்லாமல் மேலே தலைவர் மட்டும் இருந்தால் அது லெட்டர்பேடு சங்கம்.

மாவட்டம் என்றும் குறுக்க வேண்டாம். 1989-ல் வட ஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நாளைக்கு எப்படி ஆகுமோ தெரியாது. மாவட்ட எல்லை மாறினாலும் பாலாறு ஒன்றுதான். மாநிலச் சங்கத்துக்குள் பாலாற்றுப் பகுதிக் கிளை ஒன்று இருந்தால் போதும்.

பதிவு எங்க பண்ணணும்? எத்தினி பேர் வேணும்?

வழி மூன்று. முதலாவது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். சங்க நோக்கங்களைச் சொல்லும் அமைப்பு விவரத்தையும் துணை விதிகளையும், அதாவது பைலாவையும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இரண்டாவது 1860-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். டெல்லி போன்ற இடங்களில் இதன்படி அகில இந்தியச் சங்கம் பதிவு செய்யும்போது வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த எட்டுப் பேரையாவது கேட்பது வழக்கம். மூன்றாவது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனி. அது பதிவான நாளிலிருந்தே நாடு முழுக்கச் செயல்படலாம். ஆனால் வருடாவருடம் தாக்கல் செய்ய வேண்டியவை அதிகம், ஆடிட்டர் செலவும் அதிகம்.

முன் பதிலில் சொன்ன வரிசைப்படி பார்த்தால் இப்போதைக்கு முதல் வழி. மற்ற மாநிலங்களிலும் சங்கம் உருவாகிக் கூட்டமைப்பு வரும்போது இரண்டாவதா மூன்றாவதா என்று அவர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வோம். நாமே இன்று முடிவு செய்துவிட்டு மற்றவர்களை வந்து சேரச் சொன்னால் மரியாதையாக இருக்காது.

பேர்ல 'தேசிய'ன்னு போட்டுக்கலாமா?

கம்பெனியாகப் பதிவு செய்தால் 'நேஷனல்' என்ற சொல்லுக்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். வாரியம், ஆணையம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களுக்கும் அப்படியே. அரசு அமைப்பு என்று மக்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நியாயமான விதி. மாநிலச் சங்கத்துக்கு அந்தச் சொல் தேவையும் இல்லை. வேலையின் பெயர் சங்கத்தின் பெயரில் தெளிவாக இருக்கட்டும்.

நான் எட்டாங்கிளாஸ்தான். 19 வருஷமா ஸ்லட்ஜ் பிழியற ஃபில்டர் பிரஸ் ஓட்டறேன். என்னைச் சேத்துப்பீங்களா?

உங்களைச் சேர்க்காத சங்கத்தில் நானும் இருக்க மாட்டேன். வரைவு பைலாவில் உறுப்பினர் தகுதி என்பது படிப்பு அல்லது வேலை அனுபவம். தொடர்ந்து மூன்று வருடம் பிளாண்டில் வேலை செய்திருந்தால் முழு உறுப்பினர், ஓட்டு உண்டு, தேர்தலில் நிற்கலாம். புதிதாக வந்தவர்களும் மாணவர்களும் இணை உறுப்பினர்கள்.

எம்.டெக். படித்தவருக்கு ஒரு ஓட்டு, ஃபில்டர் பிரஸ்ஸில் கேக் தட்டி எடுப்பவருக்கும் ஒரு ஓட்டு. சில நண்பர்கள் இதை மாற்றக் கேட்டார்கள், தரம் போய்விடும் என்றார்கள். தரத்தைத் தேர்வில் காட்டுவோம். ஓட்டில் ஏற்றத்தாழ்வு வைத்தால் ஆரம்பத்திலேயே பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

முதலாளிங்க, மேனேஜருங்க சேரலாமா?

பிளாண்டை நேரடியாகப் பார்க்கும் மேனேஜர் சேரலாம். அவரும் ஒரு காலத்தில் ஷிப்ட் பார்த்தவராகத்தான் இருப்பார். தொழிற்சாலை உரிமையாளர் உறுப்பினராக முடியாது, சிறப்பு அழைப்பாளராக வரலாம். செயற்குழுவில் பாதிக்கு மேல் ஷிப்ட் வேலையில் இருப்பவர்களாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம்.

சந்தா எவ்ளோ? காசு யார் கையில இருக்கும்?

வருடத்துக்கு 300 ரூபாய் என்று பேசி வைத்திருக்கிறோம், பொதுக்குழு மாற்றலாம். சங்கத்தின் பெயரில் பான் அட்டை, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, எடுக்க இருவர் கையெழுத்து. தனி ஆள் கணக்கிலோ தனி ஆள் ஜி.பே.யிலோ ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. ரசீது இல்லாமல் யாராவது சந்தா கேட்டால் தராதீர்கள், அது நானாக இருந்தாலும்.

வருடம் ஒருமுறை பொதுக்குழு கூடி, தணிக்கை செய்த கணக்கைப் படித்து ஒப்புதல் வாங்கி, பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இதை நாலைந்து வருடம் விட்டுவிட்டுப் பிறகு அலையும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு நிதி வாங்க 2010-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி பதிவு வேண்டும், புதிய சங்கத்துக்கு அந்தப் பதிவு உடனே கிடைக்காது. அதனால் அந்தப் பேச்சே இப்போது வேண்டாம்.

பாலிமர், ஆலம் விக்கற கம்பெனிங்க ஸ்பான்சர் பண்றேன்றாங்களே, வாங்கிக்கலாமா?

கருத்தரங்குக்கு ஸ்டால் போட்டு வாடகை கொடுக்கட்டும், ரசீது கொடுத்து வாங்கிக்கொள்வோம். பயிற்சிப் பாடத்தையும் தேர்வுத் தாளையும் அவர்கள் தொடக் கூடாது. எந்தக் கெமிக்கல் போடுவது, எத்தனை கிலோ போடுவது என்று சொல்லித்தரும் இடத்தில் விற்பவர் நின்றால் பாடம் விளம்பரமாகிவிடும்.

நீங்க குடுக்கற சர்ட்டிபிகேட்டை கவர்மெண்ட் ஏத்துக்குமா?

முதல் நாளே ஏற்காது. சங்கம் வேறு, சட்டப்படியான கவுன்சில் வேறு. பட்டயக் கணக்காளர்களுக்கு 1949-லேயே தனிச் சட்டம் வந்தது. கட்டடக் கலைஞர்களோ 1917-ல் பம்பாயில் சங்கமாகக் கூடினார்கள், அவர்களுக்கான சட்டம் 1972-ல்தான் வந்தது. 55 வருடம். அதற்குப் பிறகுதான் கவுன்சிலில் பதியாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்றானது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் லைசன்ஸ் பெற்ற ஆபரேட்டர் பொறுப்பில் இல்லாமல் சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்ட முடியாது. நம் நாட்டில் கொதிகலன் ஓட்டுபவருக்குச் சான்றிதழ் கட்டாயம், லிஃப்ட் வேலைக்கு உரிமம், கரண்ட் வேலைக்கு உரிமம். ஓர் ஊரின் கிணறுகளைக் கெடுக்கவும் காக்கவும் கூடிய வேலைக்கும் அப்படி வேண்டும் என்று கேட்பதுதான் நம் நீண்ட காலக் கோரிக்கை. அதுவரை நம் சான்றிதழ் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறதோ அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. காசு கொடுத்தவருக்கெல்லாம் கொடுத்தால் லேமினேஷன் செலவுதான் மிச்சம். தேர்வில் பாதி செய்முறை: சிலிண்டரைக் கையில் கொடுத்து, பார்த்து என்ன தெரிகிறது என்று தமிழிலேயே சொல்லச் சொல்வோம்.

ரீடிங்கை மாத்தி எழுதச் சொன்னா சங்கம் இன்னா பண்ணும்? உண்மைய எழுதினா வேலை போயிடுமே?

எல்லாக் கேள்விக்கும் அடியில் இந்தக் கேள்விதான் இருக்கிறது. என் அனுபவத்தையே சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பிளாண்டில் ராத்திரி ஷிப்ட். வெளியேறும் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 2100-க்குள் இருக்க வேண்டும். மீட்டர் காட்டியது 6,400. லாக் புக்கில் அதையே எழுதினேன். காலையில் மேலதிகாரி அந்தப் பக்கத்தை மடித்துக் காட்டி, "இதைக் கொஞ்சம் பாத்து எழுதுப்பா" என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை. வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து ஒரு மாதம். நான் 2,050 என்று எழுதினேன். என் கையெழுத்தில் அந்த எண் இன்றும் எங்கோ ஒரு பழைய நோட்டில் இருக்கிறது. அன்று யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படிக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சங்கத்துக்கு அலைகிறேன்.

சங்கம் செய்யக்கூடியது என்ன? ஒன்று, லாக் புக் எழுதும் முறைக்கு ஒரு பொதுத் தரம்: பேனா, வரிசை எண் அச்சிட்ட பக்கம், அடித்துத் திருத்தினால் பழைய எண் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து. பழைய எண் அப்படியே தெரிய வேண்டும் என்று விதி வந்துவிட்டால் "பாத்து எழுது" என்று சொல்வதற்கே வாய் கூசும். இரண்டு, பொய் ரீடிங் எழுதக் கூடாது என்று நடத்தை நெறியில் எழுதிவைப்பது. "சார், இதுக்கு என் உறுப்பினர் பதிவே போயிடும்" என்று சொல்ல ஓர் ஆபரேட்டருக்கு வாய் கிடைக்கும். தனி ஆளின் பிடிவாதமாகத் தெரிந்தது தொழிலின் விதியாகத் தெரியும். மூன்று, வேலை போனவருக்கு வழக்கறிஞர் உதவியும் வேறு பிளாண்டில் இடம் தேடித்தருவதும். நாலா பக்கமும் ஆள் தேவைப்படும் துறை இது.

வேலை போகவே போகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, பொய்யாகிவிடும். இன்று தனியாக நிற்கிறீர்கள், நாளை தனியாக நிற்க மாட்டீர்கள், அதுவரைக்கும் உறுதி தருகிறேன். இன்னொன்று: ஆன்லைன் மீட்டர் வந்துவிட்டதே, யார் பொய் எழுத முடியும் என்பவர்களுக்கு, மீட்டரின் சென்சாரைத் துடைப்பதும் கேலிபரேஷன் செய்வதும் மனிதக் கைதான்.

நம்ம உறுப்பினரே தானா பொய் ரீடிங் போட்டா?

டெஸ்ட் செய்யாமலே நேற்றைய எண்ணை இன்றும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது முதலாளி சொல்லி நடப்பதில்லை, நம் சோம்பல். புகார் வந்தால் மூன்று பேர் கொண்ட ஒழுங்குக் குழு விசாரிக்கும். அவர் தரப்பைக் கேட்காமல் தண்டனை கிடையாது. முதல் முறை எச்சரிக்கையும் மறுபயிற்சியும், தொடர்ந்தால் நீக்கம். முந்தைய பதிலில் சொன்ன கட்டாயத்தில் எழுதியவரையும் இவரையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம்.

டேங்க் உள்ள இறங்கச் சொன்னா?

இறங்காதீர்கள். சல்ஃபைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரும், தோலை அமிலத்தில் ஊறவைத்து பிக்கிள் செய்த தண்ணீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் பி.எச். இறங்கி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை வரும்வரை பரவாயில்லை என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும், அப்போதுதான் ஆபத்து அதிகம். முதலில் இறங்கியவர் விழ, தூக்கப் போனவரும் விழுந்து, மூன்றாவதாக ஒருவர் குதிக்கிறார். ஒவ்வொரு முறையும் செய்தி இப்படித்தான் வருகிறது.

ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் பரிசோதனையும் எழுத்துப்பூர்வச் சான்றும் இல்லாமல், அல்லது சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் இல்லாமல், ஆளை இறக்கக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலேயே எழுதப்பட்டது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. காசு வந்து என்ன, ஆள் வருவாரா? 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சங்கத்தின் முதல் பயிற்சி வகுப்பு பாதுகாப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கட்சிக்காரங்க பூந்துடுவாங்களே? சாதியும் வருமே?

கட்சிக்கு பைலாவில் வழி செய்திருக்கிறோம்: கட்சிப் பொறுப்பில் இருப்பவர் சங்கப் பொறுப்புக்கு நிற்க முடியாது. உறுப்பினராக இருக்கத் தடை இல்லை.

சாதி, விதி எழுதினால் மட்டும் போகாது. ஸ்லட்ஜ் வாருவது, அடைப்பு எடுப்பது எந்த வீட்டுப் பிள்ளைகள், கண்ட்ரோல் ரூமில் ஏ.சி.யில் உட்கார்வது எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஸ்லட்ஜ் வேலை செய்பவரையும் தொழில்நுட்பர் என்று அழைத்து, பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து மேலே ஏற்றும் படிக்கட்டு சங்கத்துக்குள் இருக்க வேண்டும். அவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு நாம் மரியாதை கேட்டால் யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

லேப்ல இருக்கற பொம்பளைங்களுக்கு இதுல இடம் உண்டா சார்?

கெமிஸ்டுகள் சங்கத்தின் முதுகெலும்பு. தண்ணீரில் எவ்வளவு கழிவு மிச்சம் என்று காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி. எண்ணுக்குக் கையெழுத்துப் போடுபவர்கள் அவர்கள்தான். செயற்குழுவில் மூன்றில் ஒரு இடம் பெண்களுக்கு என்று வரைவில் இருக்கிறது. கூட்டம் பகலில், ஞாயிற்றுக்கிழமையில். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் வைத்தால் யார் வராமல் போவார்கள் என்பதை யோசித்தே இந்த முடிவு.

கான்பூர்காரங்களோட எந்த பாஷையில பேசறது?

தமிழ்நாட்டுச் சங்கம் தமிழில் நடக்கும். பயிற்சிப் புத்தகம், தேர்வு, நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் தமிழில். கூட்டமைப்பில் ஆங்கிலமும் அவரவர் மொழிபெயர்ப்பும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் பாய்மார்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். கான்பூருக்கு முதல் போன் போட்டவரும் அவர்களில் ஒருவர்தான். அரை மணி நேரம் பேசிவிட்டு, "அண்ணா, அங்கயும் நுரைதான் பிரச்சனையாம்" என்றார்.

தேர்தல்ல தோத்தவன் தனியாப் போய் ரெண்டாவது சங்கம் வெச்சுட்டா?

நடக்கக்கூடியதுதான். மாநிலச் சட்டப்படி செயற்குழுவின் காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் இரண்டு வருடம் என்றும், தலைவர், செயலாளர், பொருளாளர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறோம். ஒரே ஆள் 15 வருடம் செயலாளராக இருக்கும் சங்கங்களைத்தான் பிளவு தேடி வருகிறது.

தேர்தல் நடத்துபவர் உறுப்பினராக இல்லாத வெளி ஆள். உறுப்பினர் பட்டியல் தேர்தலுக்கு ஒரு மாதம் முன் எல்லோருக்கும் தரப்படும். கடைசி வாரத்தில் 50 பேரைச் சேர்த்து ஓட்டுப் போட வைக்கும் வேலை நடக்காது. இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் பிரிந்து போனால் போகட்டும். கோர்ட்டுக்குச் செலவழிக்கும் காசில் ஐம்பது பேருக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆறேன். எனக்கு இன்னா பிரயோஜனம்?

உங்கள் டைரியைக் கேட்கிறோம். 1990-களில் முதல் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடத் தொடங்கியபோது உடன் இருந்தவர்கள் நீங்கள். உப்பிட்ட தோலை ஊறவைத்த ஊறல் தண்ணீரின் உப்பைப் பிரித்துச் சூரியப் பாத்திகளில் காயவைத்தது, ஐப்பசி மழையில் பாத்தி நிரம்பியபோது என்ன செய்தீர்கள், எந்த மாதம் பாக்டீரியா படுத்தது, எப்படி மீட்டீர்கள், எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பயிற்சிப் பாடத்தின் முதல் வரைவை ஓய்வு பெறுபவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது என்று திட்டம். ஓய்வு பெற்றவர்கள் சிறப்பு உறுப்பினர்கள், அவர்களுக்குச் சந்தா கிடையாது.

சரி, முதல் கூட்டத்துக்கு இன்னா எடுத்துக்கினு வரணும்?

ஆதார் நகல் ஒன்று, போட்டோ இரண்டு, எத்தனை வருடம் எந்த வேலை என்று ஒரு தாளில். கம்பெனி பெயர் எழுத வேண்டியதில்லை, பயந்தவர்களும் வரட்டும். வரைவு பைலாவை முன்பே அனுப்புகிறோம், 14 பக்கம்தான், படித்துவிட்டுப் பிடிக்காத வரியை அடிக்கோடிட்டு வாருங்கள். முடிந்தால் உங்கள் பிளாண்டில் இந்த வருடம் வந்த ஒரு சிக்கலையும் அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் அரைப் பக்கம் எழுதி வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவற்றைப் படிப்போம்.

ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வருபவர்களுக்குக் குளிக்கவும் படுக்கவும் ஓர் அறை தனியாக எடுத்திருக்கிறோம்.